வணிகக் கட்டடத்திற்கு ஒரு முகாமையாளர்: ஆட்சேர்ப்பும் தெரிவும்

மாணவர்களே,

ஊழியரைச் சேர்த்துக்கொள்ளல் என்னும் பாடப்பகுதியில் பலர் வரைவிலக்கணத்தை மட்டும் மனனம் செய்துகொள்கின்றனர். வெற்றிடமொன்றுக்குத் தகுதியானோரை விண்ணப்பிக்கச் செய்தல் ஆட்சேர்ப்பு. விண்ணப்பித்தோருள் பொருத்தமானவரைத் தேர்ந்தெடுத்தல் தெரிவு. இது சரியானதே. எனினும் ஒரு சம்பவத்தைத் தந்து "நீர் உரிமையாளராயின் என்ன செய்வீர்?" என்று வினவினால் வரைவிலக்கணம் கைகொடுக்காது. எனவே நமது பிரதேசத்தில் நடக்கக்கூடிய ஒரு நிலைமையை எடுத்துப் பார்ப்போம்.

உரிமையாளர் ஓரிடத்திலும் சொத்து வேறிடத்திலும் இருப்பது மட்டக்களப்புக்குப் புதிதல்ல. எழுவான்கரையில் குடியிருந்த போடிமார் பலருக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் இருந்தது. வயலில் நின்று ஆட்களைத் திரட்டி, விதைப்பு முதல் அறுவடை வரை வேலையை நடத்தியவர் முல்லைக்காரர். பாடநூல் மொழியில் சொன்னால் அவர் சொத்து இருக்கும் இடத்திலேயே பணிபுரியும் முகாமையாளர். அவரிடம் நியமனக் கடிதம் இருக்கவில்லை. வாய்ச்சொல் போதுமாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கணக்கில் பிழை வந்தால் ஊர் கேட்கும். அந்த ஊர்க்கட்டுப்பாடே அன்றைய உள்ளகக் கட்டுப்பாடு.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். கல்லடியில் வாவியோரமாக மூன்று மாடி வணிகக் கட்டடம் ஒன்று இருப்பதாக எடுத்துக்கொள்க. கீழ்த்தளத்தில் ஆறு கடைகள், நடுத்தளத்தில் காப்புறுதி நிறுவனமொன்றின் கிளை, மேல்தளத்தில் தனியார் வகுப்புகள். உரிமையாளர் சுவிற்சர்லாந்தில் வசிக்கிறார். முகாமையாளர் ஒருவரை நியமிக்க விரும்புகிறார். யாரை நியமிக்கலாம்?

வகுப்பில் இதைக் கேட்டால் உடனே வரும் விடை "நம்பிக்கையானவரை" என்பதாகும். பலர் "சொந்தக்காரரை" என்றும் சேர்த்துக்கொள்வர். இவ்விடைக்கு நான் முழுப்புள்ளி வழங்க மாட்டேன். நம்பிக்கை வேண்டாம் என்பதல்ல. நம்பிக்கை மட்டும் ஒரு தகைமை ஆகாது. மாதந்தோறும் பெருந்தொகை வாடகைக் காசை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கணக்கும் கேட்காமல், அவர் நேர்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கே நாம் செய்யும் அநீதி. பின்னர் ஒரு சந்தேகம் எழுந்தால், நேர்மையாக நடந்தவரிடமும் தம் நேர்மையைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது.

ஆகவே ஆளைத் தேடுமுன் வேலையை எழுதுக. இதுவே வேலை விபரம். வாடகை அறவிட்டுப் பற்றுச்சீட்டு வழங்கல், மின்சாரம், நீர்க் கட்டணங்களையும் மாநகர சபைக்குரிய சோலைவரியையும் காலத்தில் செலுத்தல், காவலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் மேற்பார்வை செய்தல், திருத்த வேலைகளுக்கு விலைமனு பெறுதல் ஆகியன எந்தக் கட்டடத்திற்கும் பொதுவானவை. வாவியோரக் கட்டடத்திற்கு வேறு சிலவும் உண்டு. உப்புக் காற்றில் இரும்புக் கதவும் கம்பியும் விரைவில் துருப்பிடிக்கும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை வலுக்குமுன் வடிகான்களைத் துப்புரவு செய்வித்தல் வேண்டும். 2011 சனவரி வெள்ளத்தை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். கீழ்த்தளத்தில் மின்பிறப்பாக்கியை வைத்துவிட்டு, வாவி நீர் பெருகிய பின் முகத்துவாரம் வெட்டும்வரை காத்திருப்பவர் நல்ல முகாமையாளர் அல்லர்.

வேலையை எழுதிய பின் அதிகாரத்தின் எல்லையை எழுத வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுவே. உடைந்த குழாயை மாற்ற முகாமையாளர் சுவிசுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியதில்லை. ஒரு குறித்த தொகை வரை தாமே செலவிடலாம். இதற்குப் பொருத்தமானது நீங்கள் கற்ற சில்லறைக் காசுக் கட்டுநிதி முறை. வாடகையோ காசாகக் கைக்கு வராமல் நேரடியாக உரிமையாளரின் வங்கிக் கணக்கில் வைப்புச் செய்யப்படுவது நன்று. கடையொன்றை இரண்டு வருடத்திற்குக் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் முகாமையாளருக்கு இயல்பாகவே வந்துவிடாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். உரிமையாளருக்காக வேறொருவர் அதில் கையொப்பமிட அற்றோணித் தத்துவம் தேவை. அதை முகாமையாளரிடமே கொடுப்பதா, வேறொருவரிடம் கொடுப்பதா? வாடகை வாங்குபவரும் குத்தகை எழுதுபவரும் ஒருவராக இல்லாதிருப்பதே பாதுகாப்பு என்பது எனது கருத்து.

இப்போது தகைமை விபரத்தை எழுதுவது இலகு. கணக்கேடு எழுதத் தெரிந்திருத்தல், தமிழுடன் சிங்களத்திலும் ஓரளவு ஆங்கிலத்திலும் பேச முடிதல் (காப்புறுதி நிறுவனத்தின் தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கலாம் அல்லவா?), கட்டடத்திற்கு அண்மையில் வசித்தல். ஏற்கெனவே அங்கு பணிபுரியும் ஒருவரைப் பதவி உயர்த்தினால் அது உள்ளக ஆட்சேர்ப்பு. பத்திரிகை விளம்பரம் மூலம் பெற்றால் வெளியக ஆட்சேர்ப்பு. சொந்தக்காரரும் விண்ணப்பிக்கலாம். மற்றவர்களைப் போல அவரும் நேர்முகப் பரீட்சைக்கு வரட்டும். அங்கே "நீர் நேர்மையானவரா?" என்று கேட்பதில் பயனில்லை. "மூன்று மாத வாடகை செலுத்தாத கடைக்காரர் உமது மைத்துனர். என்ன செய்வீர்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

தெரிவானவருக்கு எழுத்தில் நியமனக் கடிதம் வழங்க வேண்டும். கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் சாதாரண வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலமாகவும் வாரத்திற்கு 45 மணித்தியாலமாகவும் வரையறுக்கிறது. கட்டடத்திலேயே ஓர் அறை கொடுத்துவிட்டால் இரவு பகலாக அவரை அழைக்கலாம் என்று எண்ணும் உரிமையாளர்கள் உண்டு. தங்குமிடம் கொடுத்தமை ஓய்வு நேரத்தை வாங்கியதாகாது.

ஊழியர் சேமலாப நிதிக்கு (1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம்) ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்துவர். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம்) தொழில்தருநர் மாத்திரமே 3 சதவீதம் செலுத்துவார். இந்த 3 சதவீதத்தையும் ஊழியரின் சம்பளத்தில் கழித்துவிடுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. சில வேலைத்தலங்களிலும் இது நடக்கிறது. நாளை நீங்கள் வேலைக்குச் செல்லும்போது சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகாமையாளரின் மாதச் சம்பளம் ரூபா 60,000 எனின், அவரிடமிருந்து கழிக்கப்படுவது ரூபா 4,800. கையில் கிடைப்பது ரூபா 55,200. தொழில்தருநர் தமது பங்காகச் செலுத்துவது சேமலாப நிதிக்கு ரூபா 7,200, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு ரூபா 1,800. உரிமையாளருக்கு மொத்தச் செலவு ரூபா 69,000. சேமலாப நிதியில் முகாமையாளரின் பெயரில் மாதந்தோறும் சேர்வது ரூபா 12,000.

பணிக்கொடை பற்றியும் ஒரு சொல். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட தொழில்தருநருக்கே பணிக்கொடையைக் கட்டாயமாக்குகிறது. ஊழியர் 5 வருட சேவையைப் பூர்த்தி செய்திருக்கவும் வேண்டும். ஒரு முகாமையாளர், இரண்டு காவலாளிகள், ஒரு துப்புரவுப் பணியாளர் என நால்வர் மட்டும் உள்ள நமது கட்டடத்திற்கு இக்கட்டாயம் பொருந்தாது. சேமலாப நிதிக்கு அப்படியான எண்ணிக்கை வரம்பு இல்லை. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் செலுத்த வேண்டும்.

பயிற்சி வினா

மேற்கூறிய கட்டடத்தின் உரிமையாளர் முகாமையாளரின் மாதச் சம்பளத்தை ரூபா 75,000 ஆக உயர்த்துகிறார்.
(அ) முகாமையாளரின் கைக்குக் கிடைக்கும் தொகை யாது?
(ஆ) உரிமையாளரின் மொத்தச் செலவு யாது?
(இ) முகாமையாளர் உரிமையாளரிடம் கேளாமல் தாமே தீர்மானிக்கக்கூடிய இரண்டு விடயங்களையும், தீர்மானிக்கக் கூடாத இரண்டு விடயங்களையும் காரணத்துடன் எழுதுக.

விடை: (அ) ரூபா 69,000 (ஆ) ரூபா 86,250. (இ) இற்கான விடையை நீங்களே எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.