போல்ட் துளை பொருந்தினால் மட்டும் போதுமா?

எண்ணெய்க் கிணற்றில் குழாயோடு குழாயையும் குழாயோடு வால்வையும் போல்ட் பூட்டி இணைக்க உதவும் துளையிட்ட உருக்கு வளையமே பிளாஞ்ச் எனப்படுகின்றது. வளைகுடா நாடுகளின் எண்ணெய் வயல்களுக்கு இதனை வாங்கி விற்க முனையும் வர்த்தகர் முதலில் அறியவேண்டியது, இதற்கு இருவேறு நியமங்கள் உள்ளன என்பதையே.

முதலாவது, குழாய்ப் பாதைகளுக்கான ஏ.எஸ்.எம்.ஈ. பி16.5. இதில் 150, 300, 400, 600, 900, 1500, 2500 என 'கிளாஸ்'கள் உண்டு. இவ்வெண் தாங்கும் அமுக்கத்தை நேரடியாகக் குறிப்பதல்ல. ஏ105 காபன் உருக்கில் செய்த கிளாஸ் 600 பிளாஞ்ச் சாதாரண வெப்பநிலையில் 1480 பி.எஸ்.ஐ. தாங்கும். வெப்பம் கூடக்கூட அது குறையும்.

இரண்டாவது, கிணற்றுத் தலைக் கருவிகளுக்கான ஏ.பி.ஐ. 6ஏ. இங்கு எண்ணே வேலை அமுக்கம். 6பி வகை 2000, 3000, 5000 பி.எஸ்.ஐ.க்கு உரியது. 6பிஎக்ஸ் வகை பெரும்பாலும் 10,000, 15,000, 20,000 பி.எஸ்.ஐ.க்கு உரியது. 6பிக்கு ஆர் அல்லது ஆர்எக்ஸ் உலோக வளையமும், 6பிஎக்ஸுக்கு பிஎக்ஸ் வளையமும் இடப்படும். ஒன்றுக்குப் பதிலாக மற்றையதைப் போட முடியாது.

வர்த்தகர் ஏமாறுவது எங்கே? பல அளவுகளில் கிளாஸ் 600, ஏ.பி.ஐ. 2000 உடனும், 900 ஆனது 3000 உடனும், 1500 ஆனது 5000 உடனும் போல்ட் துளைக்குத் துளை பொருந்தும். விலை குறைவு என்பதற்காக 2000 கேட்டவருக்கு கிளாஸ் 600 கொடுத்தால் அது பூட்டுப்படும். ஆனால் 2000 பி.எஸ்.ஐ.யைத் தாங்கும் உத்தரவாதம் இல்லை. இணைப்பின் பலம், பலம் குறைந்த பக்கத்தின் பலமே. பொருள் திரும்பி வந்தால் நமக்குப் பண நட்டம். திரும்பி வராமல் கிணற்றில் பூட்டப்பட்டால், அருகே வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து.

எனவே "இரண்டு அங்குல பிளாஞ்ச்" என்று மட்டும் ஓடர் வந்தால் விலை கூறாதீர்கள். நியமம், துவார அளவு, அமுக்கம், வளைய எண், வகை (வெல்ட் நெக், பிளைண்ட், திரெடட்), உருக்கின் தரம் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். உதாரணமாக: ஏ.பி.ஐ. 6ஏ, 2 1/16 அங்குலம், 5000 பி.எஸ்.ஐ., 6பி, வெல்ட் நெக், ஆர் 24. இதே அளவில் 2000 பி.எஸ்.ஐ. என்றால் வளையம் ஆர் 23 ஆகிவிடும்.

பொருள் வந்ததும் அதில் பொறித்துள்ள எழுத்துகளைச் சான்றிதழுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பொறிப்பு இல்லாத பிளாஞ்ச் எவ்வளவு மலிவானாலும் வாங்காதிருப்பதே இலாபம்.