சம்பங்கிக் கிழங்கு: பிரிப்போம், பார்த்துப் பகிர்வோம்



வீட்டோரம் ஒரு பாத்தி சம்பங்கி இருந்தால் சாமிக்கும் பூ ஆச்சு, விசேஷத்துக்கு மாலையும் ஆச்சு. நட்ட கிழங்கு மண்ணுக்குள்ளேயே பக்கக் கிழங்கு விட்டுப் பெருகும். மூணு வருஷம் கிளறாமல் விட்டால் நெருக்கமாகிப் பூ சிறுத்துவிடும். அப்போது பிரித்து நடணும். மிஞ்சுவதை மற்றவர்களுக்குக் கொடுக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் கிழங்கோடு சேர்த்து நோயையும் கொடுத்துவிடக் கூடாது.

பிரிக்கும் முறை

1. பூத்து ஓய்ந்து, இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். மண் காய்ந்தபின், கிழங்கில் வெட்டுப்படாமல் தள்ளித் தோண்டுங்கள்.
2. மண்ணை உதறி, கிழங்குகளைக் கையால் பிரியுங்கள். அழுகியதை ஒதுக்குங்கள்.
3. நிழலில் ஒரு மாதம் பரப்பி வையுங்கள். குவித்தால் அழுகும்.
4. ஜூன், ஜூலையில் நடலாம். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு நல்லது. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ., ஆழம் 2.5 செ.மீ.
5. சின்னக் கிழங்கை எறிய வேண்டாம். தனிப் பாத்தியில் நட்டுப் பெருக்குங்கள். பூக்கத்தான் நாளாகும்.

வேரைப் பாருங்க!

வேரில் மிளகு மிளகாக முடிச்சு இருக்கிறதா? அது வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு. செடி குட்டையாகி வெளுக்கும். கிழங்கோடும் ஒட்டிய மண்ணோடும் அடுத்த தோட்டத்துக்குப் போகும். அங்கே கத்தரி, தக்காளி, வெண்டையையும் பிடிக்கும். ஒரு சகோதரியின் காய்கறி வருமானமே போய்விடும்.

முடிச்சு கண்ட பாத்தியில் இருந்து யாருக்கும் கிழங்கு கொடுக்காதீர்கள். அந்த வேர்களைப் பிடுங்கி எரியுங்கள். அங்கே செண்டுமல்லி போடுங்கள், வேப்பம் புண்ணாக்கு இடுங்கள். புழு குறையும். புதிதாகக் கிழங்கு வாங்குவோர் ‘சிருங்கார்’ ரகத்தைக் கேளுங்கள். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ரகம் இது. இந்தப் புழுவைத் தாங்கும்.

சுழல்நிதி போல் சுழலட்டும்

10 கிழங்கு வாங்கியவர், பெருகியதும் இன்னொரு உறுப்பினருக்கு 10 கிழங்கு கொடுக்கட்டும். யார் யாருக்குக் கொடுத்தார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எங்கேயாவது முடிச்சு தெரிந்தால், கிழங்கு எங்கிருந்து வந்தது, வேறு யாருக்குப் போனது என்று உடனே பார்த்துச் சொல்லலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம்மில் யார் வீட்டுச் சம்பங்கி மூணு வருஷம் தாண்டியது?
• கொடுக்கும் முன் வேரைப் பார்க்கும் பொறுப்பை யார் ஏற்பது?