சலுகையை ஏற்பதும் வணக்கமே

புற்றுநோய் என்றதும் பல வீடுகளில் பேச்சே நின்றுவிடுகிறது. பெயரைச் சொல்லவும் அஞ்சி "அந்த வியாதி" என்கிறார்கள். நோயாளியின் தட்டும் தம்ளரும் தனியாக வைக்கப்படுகின்றன. இந்நோய் தொட்டதாலோ, சேர்ந்து உண்டதாலோ ஒட்டிக்கொள்வதன்று. நோய் தராத துயரத்தை நாம் தந்துவிடலாகாது.

அண்மையில் ஒரு வீட்டுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். அவ்வீட்டுத் தாயாருக்கு மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து, கீமோ மருந்து ஏற்றி வந்தார்கள். கால் தள்ளாடினாலும் நின்றே தொழுவேன் என்கிறார். வாயெல்லாம் புண், ஆயினும் ரமலான் நோன்பை விட மறுக்கிறார். "ஹஜ்ரத், இத்தனை வருஷம் விட்டதில்லை. கபுருக்குப் போகிற நேரத்தில் விடச் சொல்றீங்களா?" என்று கேட்டார். பிள்ளைகளோ, தடுத்தால் குற்றமாகுமோ எனத் தயங்கி நின்றார்கள்.

அத்தாயாருக்கு நாம் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூதில் வருகிறது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். பின்னர் அவர்மீது குளிப்பும் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்கு அனுமதியுண்டா என்று உடன் வந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் இவர்களே என்ற கருத்தில் கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டறிவதே அறியாமைக்கு மருந்து என்றும் உணர்த்தினார்கள்.

அந்தத் தோழர்கள் தீயவர்களா? இல்லை. மார்க்கத்தைக் காப்பதாகவே எண்ணினார்கள். அன்பர்களே! நம் வீட்டு நோயாளி விஷயத்தில் அதே தவறை நாமும் செய்துவிடக் கூடாது. ஆகவே சில மஸ்அலாக்களை அறிந்துகொள்வோம்.

தொழுகை: மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள், நின்று தொழவும், முடியாவிடில் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழவும் வழிகாட்டினார்கள். ருகூவும் ஸஜ்தாவும் இயலாதபோது சைகையே போதும்.

உளூ: தண்ணீர் தீங்கு தரும் என்று வைத்தியர் சொன்னால் தயம்மும் உண்டு. குடலில் அறுவை செய்து வயிற்றில் பை பொருத்தப்பட்டவர், தாம் அசுத்தமானவர் என்று மனம் நொந்து தொழுகையை விடவேண்டியதில்லை. கசிவு ஓயாதவர் மஃதூர், அதாவது தக்க காரணமுடையவர். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஓர் உளூ. ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் உளூ.

நோன்பு: நோயாளி பிறகு நோற்றுக்கொள்ளலாம் என்பது அல்பகரா சூராவின் 184ஆம் வசனம் தரும் அனுமதி. குணமானால் களா செய்வார். குணமாகும் நம்பிக்கை இல்லையெனில் நாளொன்றுக்கு ஒரு ஃபித்யா: ஹனஃபியில் ஃபித்ராவின் அளவு, ஷாஃபிஈயில் ஒரு முத்து தானியம்.

வலி: "மார்ஃபின் போதைப் பொருளாயிற்றே, ஹராமல்லவா?" என்று சிலர் மருந்தைத் தடுத்து, நோயாளியை இரவெல்லாம் துடிக்க விடுகிறார்கள். போதைக்காக உண்பது வேறு. வேறு மருந்துக்கு அடங்காத வலிக்கு வைத்தியர் அளந்து தருவது வேறு. பின்னது சிகிச்சை. புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்டது. கடும் வலிக்கு அதில் சொல்லப்பட்ட மருந்து மார்ஃபினே. அது மலச்சிக்கல் தரும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள்.

நலம் விசாரிப்பு: இது சுன்னத்து. ஆனால் கீமோவுக்குப் பின் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்து, சிறு கிருமியும் பெருங்கேடாகும். சளி, காய்ச்சல் உள்ளவர் வீட்டிலிருந்தே துஆச் செய்யட்டும். போகிறவர் சிறிது நேரம் இருந்து திரும்பட்டும். இந்நோயால் இறந்தவர்களின் கதையையும், கேள்விப்பட்ட கைமருந்தையும் அங்கே அவிழ்க்க வேண்டாம். நோயாளிக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

"இத்தனை வருஷம் விட்டதில்லை" என்றாரே அத்தாயார், அவருக்கு நாம் சொன்ன நற்செய்தி இது: ஓர் அடியார் நோயுற்றால், உடல்நலத்தோடு இருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை அவருக்குத் தொடர்ந்து எழுதப்படுகிறது. இதனை அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் காண்கிறோம். அவர் விட்டதாக எண்ணுவதை அல்லாஹ் விட்டதாக எழுதவில்லை! கேட்டதும் அவர் கண் கலங்கியது.

அன்று அஸரைக் கட்டிலில் உட்கார்ந்தே தொழுதார். மகள் கைதாங்கலாகக் கிப்லாவின் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். பிறகு கஞ்சியை ஆற்றி எடுத்துவந்து, தாயின் தம்ளரிலேயே தானும் ஒரு வாய் குடித்தாள்.

நோயாளிகளுக்கு அல்லாஹ் தஆலா ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.