டீசல் யந்திரம் கட்டுமீறி ஓடினால்

மின்சாரம் எட்டாத கிணறுகளிலும் வாய்க்கால் கரைகளிலும் நீரிறைப்பதற்கு டீசல் யந்திரங்கள் இன்றும் உழைத்து வருகின்றன. முறையாகப் பேணினால் இவை பல்லாண்டு பழுதின்றி ஓடும். எனினும், எப்போதேனும் ஒரு யந்திரம் திடீரென வேகம் மிகுந்து, அடர்ந்த புகையைக் கக்கி, அலறிக்கொண்டு ஓடத் தொடங்குவதுண்டு. அவ்வமயம் செய்யவேண்டுவதை முன்னரே அறியாதவர் யோசித்து முடிப்பதற்குள் யந்திரம் சிதறிவிடக்கூடும். ஆகையால் யந்திரம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

காரணம்

பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறியை நிறுத்தினால் ஓட்டம் நிற்கும். டீசல் யந்திரத்தில் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று பதினைந்து, இருபது மடங்கு சுருங்கும்படி அழுத்தப்படும்பொழுது உண்டாகும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. எனவே உள்ளே சேருவது டீசலாயினும் மசகெண்ணெயாயினும் எரிந்தே தீரும். வேகம் கட்டுமீறுவதற்குப் பெரும்பாலும் பின்வருவனவே காரணங்களாகும்:

1. கவர்னரின் வில் ஒடிதல், இணைப்பு கழலுதல், அல்லது டீசல் பம்பின் தண்டு துருவினாலும் பிசினாலும் திறந்த நிலையில் சிக்கிக்கொள்ளுதல். இந்நிலையில் பெல்ட் கழன்று பாரம் நீங்கினால் வேகம் ஒரு நொடியில் ஏறிவிடும்.

2. மசகெண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றுதல், பிஸ்டன் ரிங்குகள் தேய்தல், காற்று வடிகட்டியின் தொட்டியில் எண்ணெய் மிகுதல். இவற்றால் யந்திரம் தன் மசகெண்ணெயையே உறிஞ்சி எரிக்கும்.

3. பழுதான பம்பிலிருந்து டீசல் கசிந்து மசகெண்ணெயுடன் கலத்தல். எண்ணெய் ஊற்றாமலே அளவுகோலில் மட்டம் உயர்ந்து காணப்பட்டால் இதுவே அறிகுறி.

அபாயம்

வேகம் இரு மடங்கானால் பெருஞ்சக்கரத்தைப் பிளக்க முயலும் விசை நான்கு மடங்காகும். நிமிடத்துக்கு 650 சுற்றுச் சுற்றவேண்டிய யந்திரம் 1,300 சுற்றை எட்டினால் சக்கரம் வெடித்து இரும்புத் துண்டுகள் பறக்கலாம்.

உடனே செய்யவேண்டுவன

முதலில் நிறுத்தும் நெம்புகோலை இழுத்து, டீசல் குழாயையும் அடைக்கவேண்டும். கவர்னர் பழுதாயின் பெரும்பாலும் இதனால் ஓட்டம் நின்றுவிடும். மசகெண்ணெயை எரித்து ஓடும் யந்திரமோ இதற்கு அடங்காது. அதன் மூச்சை அடைப்பதே வழி. காற்று புகும் வாயின்மேல் தடித்த பலகையை வைத்து அழுத்தினால், காற்றின்றி எரிதல் அற்று யந்திரம் நிற்கும். கையால் மூடுதல் கூடாது; உறிஞ்சும் வேகத்தில் கை சேதமுறும். மெல்லிய துணியோ உள்ளே இழுக்கப்பட்டுவிடும். டிகம்பிரஷன் நெம்புகோல் எட்டும் இடத்திலிருந்தால் அதனையும் தூக்கலாம். பெல்ட்டை மட்டும் கழற்றலாகாது. பாரம் நீங்கினால் வேகம் இன்னும் மிகும். பெருஞ்சக்கரத்துக்கு நேராக ஒருவரும் நிற்கலாகாது. இவை சில நொடிகளில் கைகூடாவிடில் அனைவரும் அகன்றுவிடுதல் வேண்டும். யந்திரம் போனால் வேறு வாங்கலாம். உயிர் போனால் வராது.

நின்ற பின்னர், சூடு நன்கு ஆறும்வரை கிராங்க் பெட்டியின் மூடியைத் திறக்கக்கூடாது. உள்ளிருக்கும் எண்ணெய் ஆவி புதுக் காற்றுடன் கலந்து வெடித்தல் கூடும். காரணத்தைக் கண்டு பழுதுபார்க்குமுன் மீண்டும் ஓட்டுதலும் கூடாது.

வருமுன் காத்தல்

நாள்தோறும் ஓட்டுமுன் மசகெண்ணெயின் மட்டத்தை அளவுகோலால் பார்த்து, டீசல் பம்பின் தண்டு தடையின்றி அசைகின்றதா என்று கவனிக்கவேண்டும். காற்று வாய்க்குப் பொருந்துமாறு ஒரு பலகையை அறுத்து, அதன் ஒரு முகத்தில் பழைய டயர் ரப்பரை ஆணியால் அறைந்து, யந்திரக் கொட்டகையின் வாயிலருகே மாட்டிவைத்தல் நலம். இதற்கு ஆகும் செலவு சொற்பமே. யந்திரத்தை ஓட்டும் ஆள் அப்பலகையை எடுத்துக் காற்று வாயில் வைத்துப் பழகவேண்டும். ஊர்ப்பொதுவில் யந்திரம் உள்ள இடங்களில் கிராம அதிகாரிகள் இதனை நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளல் தகும்.