இணையத்தளம் ஆக்கப் புகும் மாணாக்கர்க்கு ஏற்ற இயங்குதளம்

கணினியின் உறுப்புக்களையும் அதில் இயங்கும் நிரல்களையும் ஒருங்கிணைத்து ஆள்வது இயங்குதளம் எனப்படும். இணையத்தளம் ஆக்குந் தொழிலைக் கற்கப் புகும் மாணாக்கர், எவ்வியங்குதளத்தைக் கைக்கொள்வது என வினவுதல் இயல்பே. அவ்வினாவிற்கு யாம் தக்கதெனக் கண்ட விடையை ஈண்டுக் கூறுவாம்.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். அதன் நெறியைத் தழுவிப் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட கருவே லினக்ஸ் ஆகும். அக்கருவோடு வேண்டிய நிரல்களைத் தொகுத்துப் பலர் பல பெயரால் வழங்குகின்றனர். டெபியன், உபுண்டு, மின்ற், பெடோரா என்பன அவற்றுட் சில. இவை விலையின்றிக் கிடைப்பன. இணையத்தளங்களைத் தாங்கி உலகுக்கு அளிக்கும் வழங்கிக் கணினிகளுட் பெரும்பாலானவை இவ்வினத்தையே சார்ந்தவை.

ஆதலின் முதல் விதி யாதெனின், ஆக்கிய தளம் முடிவில் எங்கு இயங்குமோ அதனை ஒத்த கணினியிலேயே அதனை ஆக்குக என்பதாம். கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் விண்டோஸ் பொதுவாக ஒன்றெனக் கொள்ளும். லினக்ஸ் வெவ்வேறெனக் கொள்ளும். வீட்டிற் குறைவின்றித் தோன்றிய படம் வழங்கியில் ஏற்றியதும் மறைந்துபோதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் விதி, நெடுங்காலம் பேணப்படுவதைத் தெரிக என்பது. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு ஈராண்டுக்கொரு முறை வெளிவந்து, ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் பெறும். மின்ற் அப்பதிப்பின்மேல் அமைந்தது. திரைத்தோற்றத்தில் விண்டோஸ் பழகியவர்க்கு எளியது. பெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழப் பதின்மூன்று மாதமே பேணப்படும். பிரீபிஎஸ்டி உறுதிவாய்ந்ததே, எனினும் திரையமைப்பு முதலியவற்றைப் பயில்வோரே பெரிதும் அமைத்துக்கொள்ள வேண்டுதலின், தொடக்கத்திற்கு ஏற்றதன்று. ஆகவே தொடங்குவோர் மின்றையேனும் உபுண்டுவையேனும் கொள்க. இரண்டும் டெபியன் வழிவந்தன. ஒன்றிற் கற்ற கட்டளைகள் மற்றதிலும், அவ்வழி வந்த வழங்கிகளிலும் பயன்படும்.

இக்கருவிகளின் ஆற்றலை ஐயுறுவார்க்கு நம் நாட்டிலேயே சான்று உளது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கு உட்பட நம் கரையோரங்களை அழித்தபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவிப்பொருள்கள் பற்றிய விபரங்களைப் பதிதற்கு இலங்கைக் கணினியாளர் தாமே முன்வந்து சில வாரங்களுள் ‘சகானா’ என்னும் இணையச் செயலியை ஆக்கினர். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்னும் கட்டற்ற மென்பொருள்களே அதற்கு அடித்தளமாயின. 2005 இற் பாக்கித்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. உரிமத்திற்குப் பணமும் இசைவும் தேடிக் காத்திருந்தால் அவ்விரைவு கைகூடியிராது.

அக்கருவிகளை மாணாக்கர் தம் கணினியிலேயே நிறுவலாம். நிறுவியபின், இணைய இணைப்பு இல்லாத வேளையிலும் தளத்தை ஆக்கிச் சோதிக்கலாம். ரெங்கநாதன் விசைப்பலகை முறையிலே தமிழும் தட்டச்சிடலாம்.

இன்னொன்றும் கருதற்பாலது. விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. அதன்பின் வந்த பதிப்பை ஏற்கவியலாத பழைய கணினிகளைக் குப்பையென ஒதுக்கற்க. 4 கிகாபைற் நினைவகம் உள்ள கணினியில் மின்றின் எக்ஸ்எப்சிஈ பதிப்பு செவ்வனே இயங்கும். முதலிற் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க. கோப்புக்களைப் படியெடுத்து வைத்த பின்னரே வன்தட்டில் நிறுவுக. பழைய மாணவர் ஒருவர் ஒதுக்கிவைத்த கணினி, கணினியில்லா மாணவன் ஒருவனுக்குக் கல்விச்சாலையாதல் கூடும்.

தெரிந்தபின் வாரந்தோறும் தளம் மாற்றித் திரிதல் வீண். ஒன்றை ஓராண்டேனும் விடாது பயில்க. அப்பயிற்சியே பிற தளங்களையும் எளிதாக்கும்.