பெருங்குடற் புற்றுநோய்

கண், செவி, நெஞ்சம் முதலிய உறுப்புகளின் நலத்தைப் பற்றி யாவரும் தயங்காது உரையாடுவர். குடலைப் பற்றியோ பேச நாணுவர். இந்நாணம் சிலவேளை உயிரையே கவர்ந்து விடுகின்றது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் மக்களுக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் தோன்றியதென்றும், ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனால் மாண்டனரென்றும் கணக்கிட்டுளர். ஆதலின் இந்நோயின் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமுடையது. அதன் உட்சவ்வில் முதற்கண் காளான் போன்ற சிறு முளைகள் தோன்றும். அவற்றுட் பெரும்பாலன தீங்கு செய்யா; சிலவே, மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திரிபுறுதலாற் புற்றாக மாறும். அம்மாற்றம் நிகழப் பெரும்பாலும் பத்தாண்டளவு செல்லும். நோயைத் தடுத்தற்கு நமக்கு வாய்த்த காலம் இதுவே.

அயர்லாந்திற் பிறந்த டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர் 1946 முதல் 1966 வரை உகாண்டாவிற் பணிபுரிந்தார். இங்கிலாந்தில் மிகுந்து காணப்படும் இந்நோய் ஆப்பிரிக்க நாட்டுப்புறத்தாரிடை அரிதாயிருத்தலை அவர் உற்று நோக்கினார். ஏனையோர் பேசவும் நாணியதை அவர் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். மலத்தின் எடையையும், உணவு குடலைக் கடக்குங் காலத்தையும் தம் துணைவருடன் அளந்து 1972-இல் வெளியிட்டார். நார்ப்பொருள் மிக்க உணவுண்போர்க்கு மலம் எடை மிக்கதாய் விரைந்து கழிதல் கண்டு, தவிடு நீக்கிய உணவே மேனாட்டார்க்குக் கேடாயிற்றெனக் கருதினார். நார்ப்பொருட் குறை ஒன்றே காரணமன்றெனப் பின்வந்தோர் தெளிந்தனர். எனினும், குடல்வாழ் நுண்ணுயிர்கள் நாரினின்று ஆக்கும் பியூட்டிரிக் அமிலம் குடற்சவ்வுக்கு ஊட்டமாதல் இன்று நன்கு அறியப்பட்டுளது.

தீட்டாத தானியம், பயறு, கீரை, காய்கனி ஆகியவற்றை மிகுதியாக உண்க. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி இந்நோயை விளைப்பதென 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வு நிலையம் முடிவு செய்தது, அதனைத் தவிர்க்க. மது, புகையிலை, மிகு பருமன், உடலுழைப்பின்மை என்பனவும் இதற்குத் துணையாவன. புத்தகமும் நாற்காலியுமாய் நாளைக் கழிக்கும் நம்மனோர் மாலையில் விளையாடுமிடம் நாடுதல் நன்று.

நல்வாழ்க்கை நோய்க்கு இடங்கொடாமையைப் பெரிதும் குறைக்குமென மயங்கற்க. அது நோய் வரும் வாய்ப்பையே குறைக்கும், முற்றும் நீக்காது. மலத்திற் குருதி, பல வாரம் நீடிக்கும் மலங்கழி மாற்றம், காரணமின்றி உடல் மெலிதல், சோகை ஆகியவை தோன்றின் மருத்துவரை அணுகுக. என் பெரிய தந்தையார் குருதி கண்டும் மூலமென்றெண்ணி, வெட்கத்தால் ஈராண்டு வாளாவிருந்தார்; மருத்துவரிடஞ் சென்றபோது நோய் கல்லீரலிற் பரவியிருந்தது. மலத்திற் கண்ணுக்குப் புலப்படாக் குருதியையும் காட்டும் எளிய சோதனை உளது. ஐயம் நேரின், ஒளி பொருந்திய வளையுங் குழாயாற் குடலை நோக்கி, முளையை அப்போதே அகற்றுவர். குடும்பத்தில் இந்நோய் வந்திருப்பின் இளமையிலேயே மருத்துவரை வினவுதல் வேண்டும்.

அன்பர்காள், விடுமுறைக்கு இல்லஞ் செல்லுங்கால் பெற்றோரிடமும் பெரியோரிடமும் இவற்றை நாணாது எடுத்துரைப்பீர்களாக.