வாடையடிக்கும் நாளில் கோடியக்கரைக்குப் போகிறவர்களுக்கு

1. காற்று பலமாக இருக்கிறதே என்று கிளம்பாமல் இருந்துவிடாதீர்கள், பிள்ளைகளே. மார்கழி, தையில் கோடியக்கரையில் காற்றில்லாத நாள் கிடைக்கும் என்று காத்திருந்தால் வலசை வந்த பறவைகள் திரும்பிப் போகத் தொடங்கிவிடும். புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் வீட்டோடு இருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் பக்கம்தான்.

2. தொப்பி வேண்டாம், பறந்துபோகும். தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

3. பறவையைத் தேடுவதற்கு முன்னால் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதற்குக் கைபேசி தேவையில்லை. மணலில் ஆலாக் கூட்டம் உட்கார்ந்திருந்தால் அத்தனை அலகும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று வருவது அங்கிருந்துதான். காற்றுக்கு முகம் கொடுத்தால் இறகு படிந்திருக்கும். முதுகைக் கொடுத்தால் கலைந்து குளிர் உள்ளே இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள், பறவைகளின் முகம் பார்க்கக் கிடைக்கும். காலை நேரத்தில் வெயிலும் ஏறக்குறைய அதே பக்கமிருந்து விழுவது கூடுதல் வசதி.

4. வெளிமானுக்கு இது நேர்மாறு. காற்று உங்கள் முதுகிலிருந்து போனால் உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். எதிர்க்காற்றில், புதர் ஓரமாக, மெதுவாகப் போங்கள். மேய்கிற மான்களில் ஒன்று தலையைத் தூக்கினால் அப்படியே நின்றுவிடுங்கள். ஒன்று துள்ளிவிட்டால் மொத்தக் கூட்டமும் போய்விடும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் புல்வெளியில் தண்ணீர் நிற்கும், அப்போது மேட்டுப்பக்கம் தேடுங்கள்.

5. சதுப்புக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலானோர் பூநாரையைப் பார்த்ததும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். இந்தப் பக்கத்துக் கடலில் ஓதம் சிறியது. சதுப்பின் ஆழமில்லாத தண்ணீரைக் காற்றுதான் ஒரு பக்கமாகத் தள்ளி ஒதுக்குகிறது. நேற்று முழங்கால் தண்ணீர் நின்ற இடம் இன்று வெறும் சேறாக இருக்கலாம். நெட்டைக்கால் பூநாரை தண்ணீரோடு போகும். குட்டைக்கால் உள்ளான்கள் தண்ணீர் வடிந்த ஈரத்துக்கு வரும். எனவே நேற்று போனவர் சொன்ன இடத்தை அப்படியே நம்பாதீர்கள்.

காற்று மிஞ்சினால் சின்னப் பறவைகள் உப்பளத்து வரப்பின் மறைவுக்குப் போய்விடும். பாத்தி காலி என்று நினைத்து நடந்துவிடாமல், உட்கார்ந்து தரையைப் பாருங்கள். மாட்டின் குளம்பு பதிந்த பள்ளத்துக்குள் ஒரு கொசு உள்ளான் ஒடுங்கியிருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு. முதுகிறகு மட்டும் காற்றில் சிலிர்க்கும். ஒரு கண் திறந்து திறந்து மூடும். ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வந்த ஜீவன் அது. படத்துக்காக அதை எழுப்பி விரட்டினால், தின்று சேர்த்த கொழுப்பு வீணாகும். காலில் வளையம் தெரிந்தால் அதன் நிறத்தையும் எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டுகிறது.

6. பைனாகுலர் கண்ணாடியில் உப்புத்துளி படிந்தால் சட்டை முனையால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

7. காற்றடித்த மறுநாள் காலையில் கரையோரம் ஒரு நடை போங்கள். சொறிமீன் ஒதுங்கியிருக்கும்; செத்ததுபோல் கிடந்தாலும் தொட்டால் அரிக்கும். துடுப்புப்போல வால் தட்டையாக இருக்கும் பாம்பு கடற்பாம்பு. கரையில் அதனால் சரியாக நகர முடியாது. அதற்காகக் கையால் தூக்கிக் கடலில் விடும் வீரம் வேண்டாம், விஷம் கொடியது. தை தொடங்கி, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிட வரும் காலம். செத்த ஆமை கிடந்தால் இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதன் ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோவது 1972 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

8. சதுப்பில் வண்டித்தடத்தை விட்டு இறங்காதீர்கள். மேலே காய்ந்து பொருக்காகத் தெரியும், அடியில் சேறு முழங்கால்வரை இழுக்கும். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் உள்ளூர் உப்பளத் தொழிலாளி ஒருவரிடம் வழி கேட்டுவிட்டு இறங்குங்கள்.